கழிக்கு மேலே இரண்டு குடைகள்

மரக்காணம்
5.2.2025

உபைதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதுவது ஹசீனா. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும்.

இந்தத் தாளை உன் பொண்டாட்டி ஃபர்ஹானா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். "ஏன் அண்ணி, ரெண்டு நிமிஷம் போன்ல பேசினா முடிஞ்சிது, இதுக்குப் போயி தாளு பேனாவா?" என்று கேட்டாள். சத்தியம் சத்தியம்தான் என்று சொல்லிவிட்டேன். நான் இந்த வீட்டுக்குள் இருக்கும்வரை உன் குரல் என் காதில் விழாது என்று அம்மா முன்னால் சொன்னவள் நான். குரலைத்தான் சொன்னேன், எழுத்தைச் சொல்லவில்லை.

நீ வளைகுடா வேலைக்கென்று ஜுபைலுக்குக் கிளம்பிய அன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பஸ் படியில் நின்றுகொண்டு என்ன சொன்னாய்? "நான் போயிட்டா உன்னால ஒரு கம்பம் கூட நட முடியாதுக்கா, பேசாம நெட்டு கடையை மூடிட்டு உக்காரு." ஊரே கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பெருநாள் போய்விட்டது.

நட்டுவிட்டேன். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பம். உப்பளத்துக்கும் உப்பங்கழிக்கும் அந்தப் பக்கம் நொச்சித்திட்டுக் குப்பத்தில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மேல் இன்னொரு கம்பம். நடுவில் நாலு கிலோமீட்டர், ஒரு அடி கேபிள் கிடையாது. உப்பளத்துக்குள் கம்பம் ஊன்ற விடமாட்டார்கள், கழியில் ஊன்ற முடியாது, அதனால்தான் பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் அந்தக் குப்பத்தை எட்டிப் பார்க்கவில்லை. நான் இரண்டு பக்கமும் குடை ஆண்டெனா மாட்டி, ஒன்றின் முகத்தை இன்னொன்றுக்கு நேராகத் திருப்பி, காற்றிலேயே நெட்டைக் கொண்டு போய்விட்டேன். இப்போது குப்பத்தில் எல்லா வீட்டிலும் "ஹசீனா நெட்" ஓடுகிறது.

மாசி மகத்துக்கு அவர்களுடைய அம்மன் கடலில் தீர்த்தம் ஆடும். குப்பத்து ஆம்பிளைகளில் பாதிப் பேர் உங்கள் ஜுபைல் பக்கம் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார்கள், வருஷா வருஷம் பார்க்க முடியாமல் போகிறது. பஞ்சாயத்தில் தலைவர் ராஜவேல் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். "இந்த வருஷம் சாமி தண்ணில எறங்குறதை உங்க புள்ளைங்க அங்கேருந்தே பார்ப்பாங்க. நடுவுல படம் நின்னா, என் கம்பத்தை என் கையாலயே எறக்கிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் யாரை வேணும்னாலும் கூப்புட்டுக்கங்க."

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. தகவலுக்காக எழுதினேன்.

ஹசீனா


ஜுபைல்
7.2.2025

மரியாதைக்குரிய கம்பெனி முதலாளி அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. படத்தில் ஓரமாக ஃபர்ஹானாவின் கட்டைவிரலும் கிடைத்தது. முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே.

கம்பம் நட்டதற்கு வாழ்த்து. நான் பஸ் படியில் சொன்னதை நீ இத்தனை நாள் பத்திரமாக வைத்திருக்கிறாய் என்றால், அந்த வார்த்தைதான் உன் கம்பத்துக்கு அஸ்திவாரம். அதற்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அறுபது மீட்டர் டவரில் ஏறிக் குடை கட்டுகிறேன். நம் மசூதி மினாராவை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தாலும் அந்த உயரம் வராது. மேலே போனால் கடல், பாலைவனம், எண்ணெய்க் குழாய் எல்லாம் தெரியும். குழுவில் நான் ஒருவன்தான் தமிழ். கஷ்டமான கோணம் என்றால் "உபைதைக் கூப்பிடு" என்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லிவிடு.

ஒரு விஷயம். நீ கேட்கவில்லை, நானும் தகவலுக்காகத்தான் சொல்கிறேன். உன் கடிதப் படம் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? ஃபர்ஹானாவின் போனிலிருந்து ஊர் டவர் வரைக்கும் காற்றில். அப்புறம் தரைக்கு அடியில், கடலுக்கு அடியில், முழுக்கக் கண்ணாடி இழையில். இங்கே வந்து டவரிலிருந்து என் போனுக்கு மறுபடி காற்றில். இத்தனை பெரிய கடலைத் தாண்டுவதில் கஷ்டமே இல்லை. காற்றில் போகிற அந்தக் கொஞ்ச தூரம்தான் ஆளைக் கொல்லும்.

அதிலும் தண்ணீருக்கு மேலே போகிற காற்று. கழிக்கு மேல் போட்ட லிங்க்கை நம்பாதே அக்கா. பஞ்சாயத்தில் எழுந்து பேசுவதற்கு முன்னால் இதை யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய ஆளின் நம்பரைத்தான் நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாயே.

உபைத்

கம்பத்தை இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பி மூன்றா, நாலா? கடல்காற்றுக்கு மூன்று போதாது.


மரக்காணம்
15.2.2025

உபைதுக்கு,

நாலு. எனக்குத் தெரியும்.

சின்னத் தொந்தரவு ஒன்று இருக்கிறது. நீ சந்தோஷப்படுவாய் என்பதால் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஃபர்ஹானா எப்படியும் உளறிவிடுவாள், அதற்கு நானே சொல்வது மேல்.

போன வாரம் வரைக்கும் தேர் போல ஓடியது. தைப்பூசத்தன்று காலையில் திடீரென்று படுத்துவிட்டது. கரண்டு இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது, சிக்னல் மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே எழுந்து உட்கார்ந்தது. ராத்திரி மறுபடி படுத்தது. அடுத்த நாளும் அப்படியே, நேரம் மட்டும் கொஞ்சம் தள்ளி.

எதிர்வீட்டு சுப்ராயன் மேல்தான் முதலில் சந்தேகம். டிவி ரிப்பேர் கடைக்காரனுக்கு நான் கம்பம் நட்டது கண்ணில் முள். அவன் வீட்டுத் தென்னை நம் குடைக்கு நேராக மட்டையை ஆட்டுகிறது, அதுதான் மறைக்கிறது என்று நினைத்தேன். போய் வெட்டச் சொன்னேன். "உன் நெட்டு பல்லிளிச்சா அதுக்கு என் தென்னம்புள்ளை என்னாம்மா பண்ணும்?" என்றான். வார்த்தை முற்றி, தெருவே கூடி, கடைசியில் அவனே ஆள் விட்டு நாலு மட்டையை வெட்டிப் போட்டான். மறுநாள் காலையில் லிங்க் பழையபடி படுத்தது. அவன் வெட்டின மட்டையை நம் வாசலில் கொண்டுவந்து சாத்திவைத்துவிட்டுப் போனான்.

சரி, உயரம் போதவில்லை என்று கம்பத்துக்கு மேல் பத்து அடிக் குழாய் சேர்த்துத் தூக்கினேன். இப்போது நம் தெருவில் நம் கம்பம்தான் உசத்தி. ஆனால் நிலைமை மோசமாகிவிட்டது. முன்பு தண்டவாளத்தில் ரயில் நின்ற மாதிரி ஒரேயடியாக நிற்கும், அப்புறம் போகும். இப்போது ஒரு நாளில் மூன்று நாலு தடவை நிற்கிறது.

குப்பத்தில் செல்லம்மாள் என்று ஒரு பொம்பிளை. மீன் விற்கிறவள், வாய் என்றால் வாய். அவள் மகன் மாயவன் உங்கள் ஊர்த் துறையில்தான் படகில் இருக்கிறான். நேற்று என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். "ஏம்மா ஹசீனா, எம்புள்ளை மூஞ்சி பாதியில அப்படியே ஒறைஞ்சி நிக்குதும்மா, பார்க்கவே சகிக்கல. மகத்துக்கு இப்படி ஆச்சின்னா உன் கம்பத்தை நீ எறக்க வேணாம், நானே புடுங்கிடுவேன்" என்றாள். அவள் செய்யக்கூடியவள்தான்.

இதுவும் தகவலுக்காகத்தான்.

ஹசீனா


ஜுபைல்
16.2.2025

அக்கா,

சிரிக்கவில்லை. தென்னை மட்டையைப் படித்தபோது மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

சுப்ராயனை விடு. உன் எதிரி தென்னை இல்லை, தண்ணீர். இன்று வெள்ளிக்கிழமை இல்லை, லீவு இல்லை, ஆனாலும் டவரிலிருந்து இறங்கி வந்து சாப்பிடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் குடையிலிருந்து கிளம்புகிற அலை ஒரு கோடு மாதிரி நேராகப் போய்க் குப்பத்துக் குடையில் விழுகிறது என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. விரிந்துகொண்டே போகும். ஒரு பங்கு நேராகப் போகும். இன்னொரு பங்கு கீழே சாய்ந்து, கழித் தண்ணீரில் பட்டு, எகிறி, அதுவும் குப்பத்துக் குடைக்கே போய்ச் சேரும். ஆக ஒரே சேதியை இரண்டு வழியாக அனுப்புகிறாய். தண்ணீரில் பட்டுப் போவதற்குத் தூரம் ஒரு துளி அதிகம். உன் குடையின் அலைவரிசையில் ஒரு அலையின் நீளமே மூன்று விரல் அகலம்தான். அதனால் அந்த ஒரு துளித் தூரமே போதும், ஆட்டம் மாறிவிடும்.

குப்பத்தில் படகை மணலில் ஏற்றுவார்களே, பார்த்திருப்பாய். எல்லோரும் ஒரே குரலுக்கு இழுத்தால் படகு வரும். ஒருத்தன் இழுக்கிற நேரத்தில் இன்னொருத்தன் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு பேருக்கும் பலம் இருக்கிறது, வேலையும் செய்கிறார்கள், படகு மட்டும் நகராது. உன் குடையில் நடப்பது அதுதான். இரண்டு அலையும் ஒத்து வந்தால் தேர் ஓட்டம். எதிரும் புதிருமாக வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு ஒன்றுமில்லை.

கழியில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. ஏறினால் பட்டு வருகிற வழி மாறும், இறங்கினால் மறுபடி மாறும். தைப்பூசம் என்பது பௌர்ணமி, தண்ணீர் நிறைய ஏறும். நாளுக்கு நாள் நேரம் தள்ளிப் போவதும் அதனால்தான், கடல் ஏறுகிற நேரம் தள்ளிப் போகிறது. கம்பத்தை உயர்த்தினாயே, அதில் இரண்டு வழிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கூடிவிட்டது. நீயே வீட்டுக்குள் பாம்பைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய்.

சந்தேகம் இருந்தால் அடுத்த தடவை நிற்கும்போது கழிக் கரைக்குப் போய்ப் பார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இப்போது இருக்கிற இடத்திலிருந்து குடையைப் பதினாலு அடி கீழே இறக்கு. உன் தூரத்துக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது. அன்றைக்கும் தண்ணீர் ஏறும். அதை மனதில் வை.

உபைத்


மரக்காணம்
18.2.2025

உபைதுக்கு,

கரைக்குப் போனேன். லிங்க் நின்ற நேரத்தில் கழி விளிம்பு வரை நிரம்பி, உப்பளத்து வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நீ சொன்னது சரி. ஒரு தடவைதான் சொல்வேன், இன்னொரு தடவை கேட்காதே.

ஆனால் இறக்கமாட்டேன்.

பத்து அடி உயர்த்தினதைத் தெருவே பார்த்தது. இப்போது பதினாலு அடி இறக்கினால் சுப்ராயன் வெடி வாங்கிக் கொளுத்துவான். பொம்பிளை கம்பம் நட்டால் இப்படித்தான் ஏறும் இறங்கும் என்பான். அத்தா காலத்தில் இந்த மாடியில் இருந்த ஆண்டெனாவை யாரும் இறக்கியது கிடையாது. புயலடித்தபோது அதுவாக விழுந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இரண்டு வழியாகப் போகிறது என்றால் இரண்டு மடங்கு வரவேண்டியதுதானே? படகு, பாம்பு என்று நீ கதை சொல்லி என்னைக் கீழே இறக்கப் பார்க்கிறாயோ என்று தோன்றுகிறது. உன் பேச்சைக் கேட்டு நான் இறக்கினேன் என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாய். எனக்குத் தெரியாதா உன்னை.

ஹசீனா


ஜுபைல்
19.2.2025

அக்கா,

சொல்லிக் காட்டத்தான் செய்வேன். பின்னே எதற்குத் தம்பியாகப் பிறந்தேன்?

இரண்டு மடங்கும் வரும். ஒத்து வருகிற நேரத்தில் பார், சிக்னல் இருக்க வேண்டியதை விட அதிகமாகவே இருக்கும். தண்ணீர் கொடுப்பதும் உண்டு, பிடுங்குவதும் உண்டு. நல்ல நாளில் வாங்கிக்கொண்டு கெட்ட நாளில் தென்னையோடு சண்டை போடாதே.

கம்பத்தை இறக்க வேண்டாம். கம்பம் உன் உசரத்தில் அப்படியே நிற்கட்டும், சுப்ராயனும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். குடையை மட்டும் கழற்றி அதே கம்பத்தில் கீழே கட்டிச் சோதித்துப் பார். அமாவாசை வருகிறது, அன்றைக்கும் தண்ணீர் பௌர்ணமி மாதிரியே ஏறும். தண்ணீர் நிறைந்த நேரத்தில் என் இடத்தில் கட்டிய குடை உயிரோடு இல்லை என்றால், நான் இந்த வேலையை விட்டுவிட்டு வந்து சுப்ராயன் கடையில் ரிமோட் துடைக்கிறேன்.

மாயவனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா போன்ல ஹசீனா ஹசீனான்னு திட்டுதே, அந்த ஹசீனா தம்பியா நீ?" என்றான். அதற்குப் பிறகு எனக்கு மீன் வறுத்துக் கொடுத்தான். மகத்தன்று படகு எடுக்கமாட்டார்களாம், குப்பத்து ஆட்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். "மூணு வருஷமாச்சிப்பா, எங்காத்தா தண்ணில எறங்குறதைப் பார்த்து" என்று சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ யாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சோதித்துப் பார் அக்கா.

உபைத்


மரக்காணம்
2.3.2025

தம்பி உபைதுக்கு,

ரமலான் முபாரக். இங்கே இன்றுதான் முதல் நோன்பு. அம்மா நன்றாக இருக்கிறார்கள்.

நேற்று சோதித்தேன். முழுக்கச் சொல்கிறேன், நடுவில் குதிக்காதே.

காலையில் கழி நிறைந்திருந்தது. மேலே குடை செத்துக் கிடந்தது. கழற்றி, நீ சொன்ன இடத்தில் கட்டினேன். கிளாம்ப்பை முறுக்கி முடிப்பதற்குள் ஃபர்ஹானா கீழேயிருந்து கத்தினாள், "அண்ணி வந்துடுச்சி, வந்துடுச்சி, ஃபுல்லா இருக்குது." அவள் குரலில் நீ ஜெயித்த சந்தோஷம்தான் அதிகம். எனக்கும் கொஞ்சம் இருந்தது.

இறங்கி வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னது சரி என்று இரண்டாம் தடவையும் எழுதத்தான் போனேன். நல்ல வேளை, பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடி எடுத்துவருவதற்குள் கழியில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. மத்தியானம் பார்த்தால், நீ கட்டச் சொன்ன இடத்தில் குடை செத்துக் கிடக்கிறது. பட்டென்று மாடி ஏறி, கழற்றி, என் பழைய உசரத்தில் மாட்டினேன். ஃபுல் சிக்னல்.

தண்ணீர் ஏறினால் உன் இடம். வடிந்தால் என் இடம். உன் புத்தி பாதி, என் பிடிவாதம் பாதி. நான் உன் பேச்சைக் கேட்டு இறக்கித் தொலைத்திருந்தால், மகத்தன்று காலையில் பிழைத்து மத்தியானம் மானம் போயிருக்கும். கடல் அறுபது மீட்டர் உயரத்திலிருந்து தெரியும், கழி தெரியாது போலிருக்கிறது.

ஆகையால் இரண்டையும் வைத்துவிட்டேன். மேலே என் குடை, பதினாலு அடி கீழே இன்னொரு குடை. இரண்டும் குப்பத்தைப் பார்த்து நிற்கின்றன. ஒன்று படுத்தால் ரவுட்டர் கண் மூடித் திறப்பதற்குள் மற்றதுக்கு மாற்றிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே யோசித்தேன்.

இரண்டாவது குடை ஏது என்று கேட்பாய். உன் பெட்டியிலிருந்து எடுத்தேன். யாரும் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டுப் போனாயே, அந்த இரும்புப் பெட்டி. சுத்தியால் பூட்டை உடைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சுப்ராயன் தெருவில் நின்று மேலே பார்த்தான். "ஏம்மா, ஒரு கம்பத்துக்கு ரெண்டு குடையா, இந்த வருஷம் மழை ஜாஸ்தியோ?" என்றான். அவன் பேசட்டும்.

ஹசீனா


ஜுபைல்
4.3.2025

அக்கா,

சாவி கதவு நிலைக்கு மேலேயே இருந்தது. ஃபர்ஹானாவிடம் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள். உனக்குக் கேட்கிற பழக்கம் இருந்தால்தானே?

உன் கடிதத்தை எங்கள் குழுத் தலைவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். கடல் மேல் போடுகிற பெரிய லிங்க்கில் எல்லாம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு குடை வைப்பதுதான் முறையாம். இங்கேயும் ஒரு டவரில் அப்படி இருக்கிறது, நானே ஏறிக் கட்டியிருக்கிறேன். எதற்கு இரண்டு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை, கட்டச் சொன்னார்கள், கட்டினேன். "உன் அக்கா எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "சொந்தக் கம்பெனி" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது என்று உனக்கு எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்று. கீழே இருப்பது என் குடை. தண்ணீர் ஏறுகிற நேரத்தில் உன் மானத்தைக் காப்பாற்றுவது என் குடை. நான் இல்லாமல் உன்னால் முடியாது என்று பஸ் படியில் சொன்னேனா, இல்லையா?

நோன்பு வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் ஏறாதே. பெல்ட் போடு.

உபைத்


மரக்காணம்
11.3.2025

தம்பி,

நாளை மகம். இன்று குப்பத்துக்குப் போய் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் முறுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். ராஜவேல் மரியாதையாகத்தான் பேசினார். "வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்மா. நாளைக்குப் பார்த்துட்டு சொல்றேன்னு அனுப்பிட்டேன். எனக்கும் ஊருக்குப் பதில் சொல்லணும் இல்ல" என்றார். அவர் மேல் தப்பில்லை.

பத்து நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருந்தாலும் பயமாக இருக்கிறது. கம்பத்தை இறக்குவதற்குப் பயமில்லை. இறக்கிவிட்டுச் செல்லம்மாள் முன்னால் எப்படி நடந்து போவது என்றுதான் பயம். இதை ஃபர்ஹானாவிடம்கூடச் சொல்லவில்லை. படம் பிடிக்கும்போது படித்துவிடுவாள், படிக்கட்டும்.

துஆ செய்.

ஹசீனா


ஜுபைல்
12.3.2025

அக்கா,

நீ மாடியில் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாயாம், ஃபர்ஹானா சொன்னாள். அதனால் நீ எதையும் பார்த்திருக்கமாட்டாய். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அரை நாள் லீவு கேட்டுத் துறைக்குப் போனேன். ஒரு அறையில் இருபது பேருக்கு மேல். எல்லோரும் குளித்து, நெற்றியில் திருநீறு. மாயவன் போனை அரிசி மூட்டை மேல் சாய்த்து வைத்தான். எனக்கு நோன்பு என்பதால் என் முன்னால் யாரும் டீ குடிக்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை.

நம் ஊரில் அப்போது நடுக்காலை, கழி நிறைந்திருக்கும் நேரம். எனக்கு அது தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. அவர்கள் அம்மனைப் பார்த்தார்கள். நான் படத்தின் ஓரத்தில் இருந்த சிக்னல் கோட்டைப் பார்த்தேன்.

மேளம் கேட்டது. பல்லக்கு மணலில் இறங்கியது. செல்லம்மாள்தான் போனைப் பிடித்திருந்தாள், படம் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனால் நிற்கவில்லை. அம்மனைத் தோளில் தூக்கி முதல் அலைக்குள் கால் வைக்கிற நேரம் பார்த்து, படம் அப்படியே நின்றது.

அறையில் ஒரு சத்தம் எழுந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். உன் கம்பத்தை நீ இறக்குவது கண் முன்னால் வந்தது. அப்புறம் திரை கறுத்தது. மாயவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது அக்கா. விடியற்காலையிலிருந்து ஊரோடு பேசியே தீர்த்துவிட்டிருக்கிறான். அவனை நாலு பேர் அடிக்கப் போனார்கள். நான் என் போனில் அதே வீடியோ காலைத் திறந்தேன். குப்பத்துக் கடல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அம்மன் அலைக்குள் இருந்தாள், தண்ணீர் தெறித்துக் கேமராவில் பட்டது. அந்தப் பக்கம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மூன்று முழுக்கையும் பார்த்தார்கள். பெரிய பெரிய ஆட்கள், புயலில் படகு ஓட்டுகிறவர்கள், குழந்தை மாதிரி அழுதார்கள். செல்லம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பி, "டேய் மாயவா, தெரியுதாடா, ஆத்தா தெரியுதா?" என்று கேட்டாள். மாயவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினான். நான்தான் "தெரியுதும்மா" என்றேன்.

வயதான ஒருவர் என்னைப் பார்த்து, "இது யாரு போட்ட நெட்டு தம்பி?" என்று கேட்டார். "எங்கக்கா போட்டது" என்றேன். இரண்டு குடை, என் குடை, பஸ் படி எதுவும் சொல்லவில்லை. எங்கக்கா போட்டது, அவ்வளவுதான் சொன்னேன்.

உபைத்


மரக்காணம்
14.3.2025

தம்பி உபைதுக்கு,

உன் கடிதத்தை ஃபர்ஹானா அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தாள். நான் சமையலறையில் இருந்தேன், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நம்பாதே.

நேற்று ராஜவேலும் செல்லம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். கூடை நிறைய இறால், நோன்பு திறக்க என்று பழம். "வேற கம்பெனிக்காரனை வர வேணாம்னு சொல்லிட்டேன்மா" என்றார் அவர். செல்லம்மாள் மாடிக்கு ஏறிக் கம்பத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிடுங்குவதாகச் சொன்ன கையாலேயே ஸ்டே கம்பி நாலையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "பலமாத்தான் இருக்குது" என்றாள். பிறகு கீழ்க் குடையைக் காட்டி, "அது எதுக்கு?" என்றாள். "அது என் தம்பியோடது. தண்ணி ஏறும்போது அதுதான் பேசும்" என்றேன். தெருவில் சுப்ராயன் நின்றிருந்தான், அவனுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது சத்தியத்துக்கு வருகிறேன். இந்த வீட்டுக்குள் நான் இருக்கும்வரை உன் குரல் என் காதில் விழாது என்றேன். சொன்னதை மாற்றுகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். அதனால் பெருநாளன்று தொழுகை முடிந்ததும் அம்மாவையும் ஃபர்ஹானாவையும் கூட்டிக்கொண்டு நொச்சித்திட்டுக்குப் போகிறேன். செல்லம்மாள் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். அது இந்த வீடு இல்லையே.

அங்கேயிருந்து உனக்குப் போன் வரும். உன் குரல் கழியைத் தாண்டி என்னிடம் வரும், என் குரல் கழியைத் தாண்டி உன்னிடம் வரும். பெருநாள் என்றால் அமாவாசை கழிந்த பிறை, அன்றைக்கும் தண்ணீர் நன்றாக ஏறும். ஏறட்டும்.

எடு. நடுவில் நிற்காது.

உன் அக்கா
ஹசீனா